ஃபைபர் ஊருக்கு வந்துவிட்டது, சிட்டா ஏன் வரவில்லை?

டெல்டா மாவட்டங்களில் இணையத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "ஊராட்சி வரைக்கும் ஃபைபர் போட்டாச்சு, இனிமே எல்லாமே உட்கார்ந்த இடத்துல நடக்கும்" என்பது ஒன்று. "கம்பி இழுத்ததோட சரி. சிட்டா எடுக்கப் போனா சர்வர் இல்லண்ணே, நாளைக்கு வாங்கங்கிறாங்க" என்பது இன்னொன்று. திருத்துறைப்பூண்டியிலோ பேராவூரணியிலோ ஓர் இ-சேவை மையத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டையும் கேட்கலாம்.

இரண்டுமே பொய்யில்லை. முதலாமவர் கேபிளைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் சிட்டா என்ற நில ஆவண நகல் கைக்கு வராததை, அதாவது தன் வேலை முடியாததைப் பற்றிப் பேசுகிறார். கேபிள் வருவதற்கும் வேலை முடிவதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் தடை என்று தெரியாததால், தெரியாத கோளாறுக்கெல்லாம் "நெட் சரியில்லை" என்ற ஒரே பெயரை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறோம். அந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. கணினி படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

## மேட்டூரும் கடைமடையும்

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணை நிரம்பி ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் அன்றைக்கே கடைமடையில் உள்ள தலைஞாயிறு வயல் நனைவதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிய வேண்டும். பிறகு கிளை ஆறுகள், 'ஏ' வாய்க்கால், 'பி' வாய்க்கால், கடைசியாக வயலின் மடை. நடுவில் ஒரு ஷட்டர் பழுதானாலும், ஒரு மைல் தூரம் ஆகாயத்தாமரை அடைத்தாலும் மேலே உள்ளவர்களுக்குத் தண்ணீர் இருக்கும், கடைமடைக்காரருக்கு இருக்காது.

நாடு தழுவிய இணைய வலையும் இதே அமைப்புதான். வெளிநாட்டிலிருந்து கடலடியில் வரும் கேபிள்கள் சென்னை போன்ற கடலோர நகரங்களில் கரையேறுகின்றன. அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர் போன்ற நகரங்களுக்குப் பெரிய கொள்ளளவுள்ள கேபிள்கள் போகின்றன. இவற்றை முதன்மை வடம் என்று வைத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம், அங்கிருந்து ஒவ்வொரு கிராம ஊராட்சி. இது கிளை வடம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து பள்ளி, நெல் கொள்முதல் நிலையம், ரேஷன் கடை, வீடு வரை போவதுதான் கடைசி இணைப்பு. நம்முடைய கடைமடை அதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். இணையத்தில் தகவல் கீழிருந்து மேலேயும் போக வேண்டும். நீங்கள் கொடுக்கும் விண்ணப்பமும் ஆதார் எண்ணும் தொலைவில் உள்ள அரசுக் கணினி வரை ஏறிப்போய், சரிபார்க்கப்பட்டு, பதில் இறங்கி வந்தால்தான் ரசீது கையில் கிடைக்கும். ஆகவே ஓர் இடத்தில் அறுந்தால் போவதும் வருவதும் சேர்ந்தே நிற்கும்.

## அரசுத் திட்டம் எதுவரை வருகிறது

2011 அக்டோபரில் மத்திய அரசு தேசிய ஃபைபர் வலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2015-இல் அதன் பெயர் பாரத்நெட் ஆனது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைப்புத் தருவது குறிக்கோள். 2017 டிசம்பரில் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான இரண்டாம் கட்டப் பணியை, மாநில அரசின் நிறுவனமான டான்ஃபிநெட் எடுத்துக்கொண்டது. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தைக் கிராமத் தொலைத்தொடர்புக்கான நிதிக்குக் கட்ட வேண்டும். 2002-இலிருந்து இருக்கும் இந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்து ஃபைபர் யாரோ போட்ட தானம் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அரசுக் கணக்கில் "சேவைக்குத் தயார்" என்று ஒரு வகை உண்டு. நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கேபிள் வந்துவிட்டது, கருவி பொருத்தியாகிவிட்டது, இணைப்புக் கொடுக்க முடியும் என்பது இதன் பொருள். அந்த இணைப்பை இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. 'பி' வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் நிற்பதை வைத்து நடவு முடிந்ததாகக் கணக்கு எழுத முடியுமா?

இதுவரை பார்த்தது: வலையில் முதன்மை வடம், கிளை வடம், கடைசி இணைப்பு என மூன்று பகுதிகள். பாரத்நெட் முக்கியமாகக் கிளை வடத்தை முடித்துத் தரும் திட்டம். கடைசி இணைப்பு பல ஊர்களில் இன்னும் யார் பொறுப்பு என்றே தெளிவாகாமல் நிற்கிறது.

## இழை எங்கே அறுகிறது

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தகவல் அதற்குள் ஒளித் துடிப்புகளாக நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. செப்புக் கம்பி அறுந்தால் முறுக்கி டேப் சுற்றிவிடலாம். இதில் அது நடக்காது. இரண்டு முனைகளையும் துல்லியமாக நேர்வைத்து, உருக்கி ஒட்டும் கருவி வேண்டும். அதற்கு ஸ்பிளைசிங் மெஷின் என்று பெயர். மெஷினும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் பக்கத்து ஊரிலேயே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒட்டுவது கொஞ்ச நேர வேலைதான். எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து ஆள் வந்து சேருவதில்தான் நாட்கள் போகின்றன.

டெல்டாவில் கேபிள் அறுபடுவதற்கு நம்முடைய சொந்தக் காரணங்களே உண்டு. தண்ணீர் திறப்பதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாய்க்கால் எல்லாம் தூர்வாரப்படும். கரையோரமும் சாலையோரமும் புதைத்த கேபிள் பொக்லைன் கொத்தில் சிக்கும். இப்படி நடக்காமலிருக்க, தோண்டப் போகிறவர் முன்கூட்டியே கேபிள்காரருக்குத் தெரிவிப்பதற்கென்று "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாய்க்காலில் பொக்லைன் ஓட்டும் தம்பிக்கும் அவரை அனுப்பும் ஒப்பந்ததாரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கம்பத்திலேயே இழுத்துவிட்டால்? தோண்டும் செலவும் அனுமதிக்காகக் காத்திருப்பதும் மிச்சம். புயல்தான் பிரச்சினை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தை நம்பிய கேபிள் கம்பத்தோடு விழும். நிவாரணக் கணக்கு ஏற்றவும் பணம் போட்டுவிடவும் வலை எப்போது அவசரமாக வேண்டுமோ அப்போதே அது இல்லாமல் போகும். வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை, சேதுபாவாசத்திரம் போன்ற கடலோர ஒன்றியங்களிலாவது கிளை வடத்தை நிலத்தடியில் கொண்டுபோவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். செலவு கூடும். ஒரு புயலில் மொத்தத்தையும் இழப்பதைவிட அது குறைவு.

இன்னொரு பாதுகாப்பு, வளைய அமைப்பு. இப்போது பல இடங்களில் கேபிள் ஒன்றியத்திலிருந்து ஒரே வழியாக ஊர் ஊராகப் போகிறது. முதல் ஊரில் அறுந்தால் பின்னால் உள்ள அத்தனை ஊரும் இருட்டு. கடைசி ஊரிலிருந்து வேறு பாதையில் ஒன்றியத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து இணைத்துவிட்டால் வளையம் ஆகிவிடும். ஒரு பக்கம் அறுந்தாலும் தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டத்தில் இந்த வளைய அமைப்பு இருக்கிறது. பழைய கட்டங்களில் பட்ட பாட்டிலிருந்து வந்த திருத்தம் இது.

பிறகு மின்சாரம். கண்ணாடி இழைக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளுக்கு வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒளியைக் கணினிக்குப் புரியும் மின்குறியாக மாற்றும் பெட்டி ஒன்று இருக்கும், மோடம் என்போம். அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் அதுவும் அணையும். அதோடு வந்த பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். புதிது வாங்க எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்ற கேள்வி எழும், அங்கேயே நின்றும் விடும். பல கோடிச் செலவில் வந்த வலை ஒரு பேட்டரியின் விலைக்காகப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

## நெட் மெதுவா, சர்வர் நெரிசலா

"100 எம்பிபிஎஸ்" என்றால் நொடிக்கு 100 மெகாபிட். நாம் கோப்பின் அளவைச் சொல்வது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். கைபேசியில் எடுத்த ஒரு பாஸ்புக் படம் 2 மெகாபைட் இருக்கலாம். ஒரு சிட்டா நகல் அதைவிடச் சிறியது. அப்படியானால் விண்ணப்பம் போடுவதற்கும் சான்றிதழ் எடுப்பதற்கும் இந்த வேகத்தில் ஒரு சிறு பங்கு போதும். அரசு வேலைகளுக்கு நமக்கு வேண்டியது அறுபடாமல் இருக்கும் இணைப்பு. வேகம் அதற்கு அடுத்தபடிதான்.

அப்புறம் ஏன் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது? பல நேரம் காரணம் மறுமுனையில் இருக்கும். சர்வர் என்பது பதிவுகளை வைத்திருந்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி. பட்டா, சிட்டா விவரங்கள் எல்லாம் ஒவ்வொரு ஊரிலும் இல்லை. அவை தொலைவில் உள்ள சர்வர்களில்தான் இருக்கின்றன. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கவே தாமதமானவர்கள் கடைசி இரண்டு மூன்று நாளில் மொத்தமாக மையங்களுக்கு வருவார்கள். எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டினால் சர்வர் திணறும். உங்கள் ஊரில் எவ்வளவு நல்ல ஃபைபர் இருந்தாலும் அதற்குப் பயன் இருக்காது.

எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே கணினியில் சம்பந்தமில்லாத வேறு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் உங்கள் ஊர் இணைப்பில் பழுது. அது வந்து, அரசுப் பக்கம் மட்டும் வரவில்லையென்றால் பெரும்பாலும் சர்வர். முதலாவதற்குக் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கு அவரைத் திட்டிப் பலனில்லை. கடைசி நாளை நீட்டித்துத் தரும்படி ஆட்சியருக்கு மனு கொடுப்பதுதான் வழி.

சுருங்கச் சொன்னால், அறுந்த கேபிள், அணைந்த மோடம், நெரிசலில் திணறும் சர்வர் ஆகிய மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. மருந்து வேறு வேறு.

## கம்பி சரி, காகிதம் சரியில்லை

இனிச் சொல்லப்போவதுதான் டெல்டாவில் மிகப் பெரிய தடை என்பது என் கணிப்பு. வலை நன்றாக ஓடுகிறது, சர்வரும் இருக்கிறது, ஆனாலும் வேலை நடப்பதில்லை. காரணம், கணினி கேட்கும் விவரமும் ஊரில் உள்ள நிலவரமும் ஒத்துப்போகவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில், மடங்களுக்குச் சொந்தமான நிலம் ஏராளம். உழுகிறவர் குத்தகைதாரர், பட்டா கோயில் பெயரில். தனியார் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகை நிறைய நடக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பதிவாகாதவர்கள் பலர். கணினிப் படிவம் முதலில் கேட்பதோ பட்டா எண். அந்த இடத்திலேயே உழுகிறவர் நின்றுவிடுகிறார். யார் எந்தப் பயிரைச் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல்தான் அவருக்குப் பிடிமானம். மத்திய அரசின் பிஎம்-கிசான் உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைப்பது நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும்தான். குத்தகைதாரருக்கு இல்லை. இது விதியில் உள்ள தடை. ஆயிரம் மைல் ஃபைபர் போட்டாலும் இது கரையாது. விதியை மாற்றினால்தான் தீரும்.

சொந்த நிலம் உள்ளவருக்கும் சிக்கல் உண்டு. பட்டா காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். ஆதாரில் ஓர் இனிஷியல், பாஸ்புக்கில் வேறு. எழுத்தர் கண்ணால் பார்த்து "ஒரே ஆள்தான்" என்று விட்டுவிடுவார். கணினி விடாது.

அடுத்தது ஓடிபி. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ரகசிய எண், ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும். அந்தக் கைபேசி எங்கே? திருப்பூரில் வேலைபார்க்கும் மகனிடம், அல்லது துபாய்க்குப் போன மருமகனிடம். "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுப்பா" என்று இங்கே அப்பா கேட்டு, அங்கே அவர் வேலையை விட்டு எடுத்துச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். இதற்கு ஒரு தீர்வு ஊருக்குள்ளேயே இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை: ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றும் வசதி 2021-இலிருந்து இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரிடமே உண்டு. வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார்.

கைரேகையும் அப்படித்தான். வருடக்கணக்காகச் சேற்றில் நாற்றுப் பறித்து நடவு நட்ட பெண்களின் விரல் ரேகை தேய்ந்து போகிறது. "ரேகை விழலம்மா, துடைச்சிட்டு வைங்க" என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். இந்த மண்ணுக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு கருவி சொன்னால், தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியது கருவிதான். கருவிழி, முகம் ஆகியவற்றைக் கொண்டு சரிபார்க்கும் முறைகள் இருக்கின்றன. பிஎம்-கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023 ஜூனில் வந்தது. ஓடிபியும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி எங்கும் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்க நாமும் பழக வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்திலும் செயல்படும்படி செயலியை அமைப்பதும் இதைச் சேர்ந்ததுதான். 2023 ஜனவரி முதல் 100 நாள் வேலையில் தினமும் இருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றி வருகை பதிவது கட்டாயமானது. படம் ஏறாமல் வருகை விடுபட்டதாக நாடு முழுவதும் புகார்கள் எழுந்தன. வேலை செய்தவர் அங்கேயே இருக்கிறார், சிக்னல்தான் இல்லை. பதிவைக் கருவியிலேயே சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பும் முறைக்குச் சேமித்து அனுப்புதல் என்று பெயர். வலை எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய செயலியைவிட, இல்லாமலும் போகும் என்று எண்ணி எழுதிய செயலிதான் கடைமடைக்கு உதவும்.

## மெல்லிய இணைப்பில் நடந்த நல்ல வேலை

1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு நடு மையம், சுற்றிலும் கிராம மையங்கள். தொலைபேசி சரியில்லாத இடத்துக்கு ரேடியோ இணைப்பு, மின்சாரம் போகும் இடத்துக்குச் சூரியசக்தி. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். கடலில் அலை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவரிடம் கணினி இல்லை, கைபேசி இல்லை. செய்தி காதில் விழுந்தது, அதைக் கேட்டுப் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள்.

அன்றைய இணைப்பின் வேகம் இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைபேசிக்கு அருகில்கூட வராது. ஆனால் கேள்வி ஊரிலிருந்து வந்தது, பதில் ஊர் மொழியில் போனது, நடுவில் பொறுப்பான ஆள் இருந்தார், கரண்ட் போனாலும் சமாளிக்க வழி வைத்திருந்தார்கள்.

## கிராம சபையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் எழுந்து, "நம்ம ஊருக்கு நெட் வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் "வந்துடுச்சுங்களே" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். மோடம் எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம், பேட்டரி வேலை செய்கிறதா, கேபிள் அறுந்தால் கூப்பிட வேண்டிய எண் எது, அதைச் சுவரில் எழுதி வைக்க முடியுமா, பள்ளிக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் இணைப்பு எப்போது. உள்ளூர் கேபிள் டிவி நடத்துபவரையும் கூட்டத்துக்கு அழைப்பது நல்லது. தெருத் தெருவாகக் கம்பி இழுத்து, மழையில் ஏறிப் பழுது பார்த்துப் பழகியவர் அவர். கடைசி இணைப்புக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் கிடைப்பது அரிது.

நெல் விற்கப் போகிறவர் அறுவடைக்கு முன்பே பதிவு வேலையைப் பார்த்துவிடுவது நல்லது. கொள்முதலுக்கு இணையவழிப் பதிவும் கிராம நிர்வாக அலுவலரின் ஒப்புதலும் தேவைப்படுகின்றன. களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பெயர்ப் பிழையைத் திருத்த அலைந்தால், அதற்குள் ஒரு மழை வந்து ஈரப்பதம் கொள்முதலுக்கான வரம்பாகிய 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "சர்வர் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், எந்தப் பக்கம், திரையில் என்ன எழுதியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் திரையைப் படமும் எடுத்து வாருங்கள். குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டோடு கொடுத்த மனுவுக்கு, எந்தத் துறை பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே தெளிவாக இருக்கும்.